தையல் மிஷினுக்குத் துணையாக ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி

(தையல் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் சகோதரிகளிடையே ஆற்றப்பட்ட உரை)

 

அளவெடுக்க, வெட்ட, தைக்கக் கற்றுக்கொண்டீர்கள். இனி வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்கப் போகிறீர்கள். மிஷினைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய இஸ்திரிப் பெட்டியைப் பற்றி இன்று பேசுவோம்.

வீட்டில் தைத்த சுடிதாரைப் பார்த்ததும், "இது கடையில் தைத்தது மாதிரி இல்லையே" என்கிறார்கள். கூலியையும் குறைத்துக் கேட்கிறார்கள். தையலில் குறை இருக்காது. குறை பெரும்பாலும் இஸ்திரியில்தான். நம்மில் பலர் எல்லாம் தைத்து முடித்த பிறகு ஒரே ஒரு தடவை தேய்க்கிறோம். கழுத்துப் பட்டியை மடித்து மூடிய பிறகு, உள்ளே சுருண்டு கிடக்கும் தையலை எப்படி நேராக்க முடியும்? ஆகவே ஒரு தையல் போட்டதும், அதன் குறுக்கே அடுத்த தையல் வருவதற்கு முன்பே தேய்த்துவிட வேண்டும்.

மிச்சத் துணிகளைச் சேர்த்து ஒட்டுத்துணி விரிப்பு தைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் துணி சரியாக விரியாமல் மடங்கி நின்றால், பத்து இணைப்பில் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். பிறகு வரிசைக்கு வரிசை மூலைகள் பொருந்தாது.

இப்படி அடிக்கடி தேய்க்க, மிஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி இருந்தால் வசதி. பயணத்துக்குக் கொண்டு போகும் அளவுள்ள பெட்டி போதும். விரல் அளவே உள்ள கைவேலைப் பெட்டிகளும் விற்கிறார்கள். அவை மூலை, மடிப்பு, பூ வேலைக்கு மட்டுமே உதவும். முழு உடுப்பைத் தேய்க்க உதவாது. வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். மூக்கு கூராக இருந்தால்தான் டாட், காலர் முனை வரை போகும். அடித்தகடு கீறல் இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியானால், வோல்ட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120. அங்கே மட்டும் ஓடும் பெட்டியை இங்கே செருகினால் கருகிவிடும்.

நீராவிப் பெட்டி கட்டாயம் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றினால் துளைகள் அடைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியில் கறை கக்கும். சாதாரணப் பெட்டியும், தண்ணீர் தெளிக்கும் ஒரு பாட்டிலும் போதும். வீட்டில் 750 வாட் பழைய பெட்டி இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். புதிது வாங்கக் கடன் வாங்க வேண்டாம்.

இனி தேய்க்கும் முறை. தைக்கும்போது பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் குறுக்கு வெட்டுத் துணி நீண்டு, கழுத்து அலை அலையாகிவிடும். முதலில் தையலை மூடியபடியே அழுத்துங்கள். நூல் துணியில் படியும். பிறகு விரித்து அழுத்துங்கள். கேன்வாஸ் ஒட்டும்போது பசைப் பக்கம் துணியைப் பார்த்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடி அசைக்காமல் அழுத்தி, ஆறிய பிறகே துணியைத் தூக்குங்கள்.

சூட்டின் அளவைப் புள்ளிகளால் குறிப்பார்கள். ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி நடுத்தரச் சூடு, மூன்று புள்ளி அதிகச் சூடு. பருத்திக்கு மூன்று, பாலியஸ்டருக்கு இரண்டு, நைலானுக்கு ஒன்று. புர்கா தைக்கும் நிதா துணி பாலியஸ்டர்தான். சூடு கூடினால் கறுப்புத் துணியில் பளபளவென்று தடம் விழும், துவைத்தாலும் போகாது. எனவே உட்புறமாகத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் அழுத்துங்கள். எந்தத் துணியானாலும் முதலில் வெட்டிய துண்டு ஒன்றில் சோதித்துப் பாருங்கள். நம்மிடம் தைக்க வரும் துணி அமானிதம். பெருநாளுக்கு என்று பிள்ளைக்கு ஒரு தாய் பார்த்துப் பார்த்து எடுத்த துணியாக இருக்கும். அது கருகினால் பணத்தைக் கொடுத்துவிடலாம். பெருநாளன்று அந்தப் பிள்ளை உடுத்த முடியாது.

விரிப்பாகப் பலகை மேல் பழைய கம்பளியும், அதன் மேல் பருத்திச் சேலையும் போட்டால் போதும். ஸ்பாஞ்ச் வேண்டாம், சூட்டில் உருகும்.

கடைசியாக, பாதுகாப்பு. மூன்று முள் பிளக்கைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். மிஷின், விசிறி, பெட்டி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். ஈரக்கையால் தொடாதீர்கள். வயர் கீழே தொங்கினால் தவழும் குழந்தை பிடித்து இழுத்துவிடும். கதவு தட்டப்பட்டால், தொழுகைக்கு எழுந்தால், முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். கை சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வைக்காதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், சுட்டது குழந்தைக்கானாலும் டாக்டரிடம் போங்கள்.

மின்கட்டணத்துக்குப் பயந்து தேய்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். 750 வாட் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் முக்கால் யூனிட்தான். தேய்க்க வேண்டிய துண்டுகளை நாலைந்தாகச் சேர்த்துக்கொண்டால் அதுவும் குறையும். இந்தச் சின்னச் செலவு, நம் தையலுக்கு உரிய கூலியைத் தலை நிமிர்ந்து கேட்க வைக்கும். உங்கள் கைத்தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.