கொள்ளை நோயும் நம் பாட்டிமார் கதையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தகரக் கொட்டகையில், மாலை நேர வகுப்பாகத் தொடங்கியது நம் கல்விச் சங்கம். இன்று அதன் நூலகத்தில் அமர்ந்து படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றுகின்றனர். இவ்விழாவில், இளைஞர் படிக்கத்தக்க ஒரு நூலைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். நாம் தேர்ந்துகொண்டது கொள்ளை நோய் ஒன்றைப் பற்றிய வரலாற்று நாவல். அதன் வழியே நம் ஊர்க் கதைக்கு வர எண்ணுகிறோம்.

அமெரிக்க எழுத்தாளர் லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலின் பெயர் 'ஃபீவர் 1793'. அந்த ஆண்டில் பிலடெல்பியா நகரை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த நகரில் சில மாதங்களுக்குள் 5,000 பேர் அளவில் மாண்டனர். வசதி படைத்தோர் வண்டி கட்டிக்கொண்டு வெளியேறினர். காப்பிக் கடை நடத்தும் ஒரு விதவையின் மகள் மாட்டி. அவள் தாயைப் பிரிந்து, தானும் நோயுற்றுத் தேறி, தாத்தாவைப் பறிகொடுத்து, திக்கற்ற ஒரு குழந்தையைத் தன் கையில் ஏந்தி வாழக் கற்றுக்கொள்வதே கதை.

நோய்க்குக் காரணம் யாதென அன்று எவருக்கும் தெரியாது. அழுகிய காப்பிக் கொட்டையின் நாற்றமே காரணம் என்றுகூடச் சொன்னார்கள். கொசுவே அதனைப் பரப்புகிறது என்பது 1900ஆம் ஆண்டில்தான் கியூபாவில் ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பெருகி டெங்குவைப் பரப்புகிறதே, அதே வகைக் கொசுதான். பெயர் பெற்ற மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தை வடித்தனர். புஷ் ஹில் மருத்துவமனையில் இருந்த பிரெஞ்சு மருத்துவர்களோ ஓய்வும் நீராகாரமும் தந்து பலரைக் காத்தனர்.

இனி நாம் கூறப்போவதை இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். பெஞ்சமின் ரஷ் என்னும் புகழ் பெற்ற மருத்துவர், கறுப்பின மக்களை இந்நோய் தீண்டாது என்று நம்பி, அவர்களை உதவிக்கு அழைத்தார். 1787இல் தோன்றிய 'சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்' முன்வந்தது. அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்டு ஆலன் ஆகிய இருவர் தலைமையில் கறுப்பின ஆண்களும் பெண்களும் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பேணினர். பிணங்களைச் சுமந்து புதைத்தனர். ரஷ் நம்பியது தவறு. நோய் அவர்களையும் தீண்டியது. அவர்களும் நூற்றுக்கணக்கில் இறந்தனர். நாவலில் மாட்டிக்குத் துணை நிற்கும் எலைசா அத்தகைய ஒரு பெண்மணியே.

நோய் தணிந்த பின் கிடைத்த நன்றி என்ன? மாத்தியூ கேரி என்னும் பதிப்பாளர், கறுப்பினச் செவிலியர் சிலர் அளவு கடந்த கூலி கேட்டனர், திருடினர் என்று எழுதி அச்சிட்டு விற்றார். ஜோன்சும் ஆலனும் வாய்மூடி இருக்கவில்லை. 1794ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நடந்தவற்றைக் கூறி, வரவு செலவுக் கணக்கையும் காட்டித் தாமே ஒரு சிறு நூல் வெளியிட்டனர். அவர்கள் அதை எழுதியிராவிடில் கேரி எழுதியதே வரலாறாகியிருக்கும். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எலைசா ஒரு நாவலுக்குள் தலை நிமிர்ந்து நடமாடுவதற்கு அச்சிறு நூலும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

இப்போது பாலாற்றங்கரைக்கு வருவோம்.

நம் தந்தையைப் பெற்ற பாட்டியார் 1918இல் எட்டு வயதுச் சிறுமி. முதல் உலகப் போரின் படைவீரர் காலணிக்காக நம் பகுதித் தோலுக்கு வெளியே பெரும் தேவை இருந்த காலம் அது. அவருடைய தந்தையார் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுபவர். தாயார் ஆவாரம் பட்டை இடிப்பவர். அவ்வாண்டு மழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. அந்நிலையில் இன்புளுயன்சாக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது கொண்டு சென்றது. உழைக்கும் வயதினரே மிகுதியாக மாண்டனர். 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை வளராமல் சிறிது குறைந்தே போனது. கணக்கெடுப்பு வரலாற்றில் அவ்வாறு குறைந்தது அந்தப் பத்தாண்டில் மட்டுமே. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் திறந்ததும் அதே 1918, ஆகஸ்டு மாதம். ஆனால் அன்று நம் சேரிக்கு மருத்துவம் எட்டவில்லை.

பாட்டியார் அதனை 'ஐப்பசிக் காய்ச்சல்' என்பார். "மொத நாளு ஊர்ச் சாவுக்குப் பறை கேட்டுச்சு. நாலாம் நாளு பறையே கேக்கல. அடிக்கிறவங்களே படுத்துட்டாங்க" என்பார். ஒரே வாரத்தில் தாயும் தந்தையும் போயினர். அவரைக் காத்தவர் அண்டை வீட்டுக் கிழவி ஒருவர். உறவுமில்லை, வைத்தியரும் அல்லர். கேழ்வரகுக் கஞ்சியைக் கரைத்து, நாழிகைக்கு ஒரு வாய் ஊட்டி, வெந்நீர் கொடுத்து, பதினொரு நாள் அருகில் இருந்தார். புஷ் ஹில் மருத்துவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவேயன்றோ? அக்கிழவியின் பெயர் பாட்டியாருக்கும் நினைவில் இல்லை. 'கஞ்சி ஆயா' என்றே சொல்லுவார். எழுந்து நடமாட முடிந்த ஆடவர் ஊராரின் பிணங்களையும் நம்மவர் பிணங்களையும் ஆற்றோரம் புதைத்தனர். பாட்டியாரின் தாய்மாமனும் அவர்களுள் ஒருவர்.

இக்கதையை நாம் முப்பது ஆண்டுகள் எவரிடமும் சொன்னதில்லை. பயிற்சிக் கல்லூரி விடுதியில் நண்பர்கள் தத்தம் பாட்டனார் பெருமை பேசியபோது, பிணம் புதைத்தவர் வழி வந்தோம் எனச் சொல்ல நாணினோம். இது நம் குற்றம். இதை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

அக்குற்றத்தை உணர்த்தியவன் ஒரு மாணவன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அவனுடைய தந்தை ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். நோயில் இறந்தவர்களை அடக்கம் செய்யும் பணிக்கும் அனுப்பப்பட்டார். 2021 சனவரியில் பத்தாம் வகுப்பு திறந்தபோது அவன் வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். காலணிப் பட்டறை ஒன்றில் பசை தடவும் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தான். "எங்க அப்பா பொணம் தூக்குறாருன்னு பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க சார்" என்றான். தெருமுனைத் தேநீர்க் கடையில் அவன் தந்தைக்குக் கடைக்காரர் கண்ணாடிக் குவளை தர மறுத்ததையும் சொன்னான்.

அன்று அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துதான் பிலடெல்பியாவின் கதையையும், கஞ்சி ஆயாவின் கதையையும் முதன்முறையாக வாய்விட்டுக் கூறினோம். அவன் தந்தையார் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "அந்தக் கறுப்புக்காரங்க கணக்கு எழுதி வெச்சாங்க பாரு, அதுதான் புத்தி" என்றார். மறு வாரம் பையன் பள்ளிக்கு வந்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், தந்தையார் எந்த நாளில் எத்தனை பேரை அடக்கம் செய்தார், உறவினர் வர அஞ்சிய இடத்தில் யார் ஒரு பிடி மண் போட்டார் என்று எழுதத் தொடங்கியிருந்தான். பதினேழு பக்கம் நிறைந்தது. அதன்பின் அவன் தந்தையாரால் பேச இயலவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

இளைஞர்களே, திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதி நோய்க் காலங்களில் எவ்வாறு பிழைத்தது என்பதை நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் நாவலாக எழுத வேண்டும். அதற்கு முன் செய்தி திரட்ட வேண்டும். நாவல் எழுதும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்க்காது. கேட்டு எழுதி வைக்கும் ஆற்றல் உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆதலின் ஒன்று வேண்டுகிறோம். ஆளுக்கொரு நோட்டு எடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம் செல்லுங்கள். அம்மையும் காலராவும் வந்தபோது யார் பேணினார், எங்கே புதைத்தார்கள், அடுப்பில் என்ன இருந்தது, யார் கதவைச் சாத்தினார், யார் திறந்தார் எனக் கேளுங்கள். பெயர்களைக் கட்டாயம் கேளுங்கள். கஞ்சி ஆயாவின் பெயரை நாம் இழந்தது போல் இன்னொருவரை இழக்க வேண்டா.

அந்நோட்டுகளை வைக்க நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டோம், இசைந்தார். அதில் முதலாவதாக நம் பாட்டியாரின் கதையை நாமே எழுதி இன்று வைக்கிறோம். அந்தப் பதினேழு பக்கங்களையும், தந்தையும் மகனும் இசைந்ததால், அதன் அருகில் வைக்கிறோம். மற்றவை உங்கள் கையில்.