பெட்ரோல் வண்டிக்கு வாயு பூட்டுதல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இவ்வாண்டு நமக்கு இடப்பட்ட பணி வேறு. பெட்ரோலில் ஓடும் வண்டியை இயற்கை வாயுவில் ஓடும்படி மாற்றலாமா, கூடாதா என்று நம் காலனித் திண்ணைகளில் நெடுநாளாகப் பேச்சு நடந்து வருகிறது. அப்பேச்சை மேடைக்குக் கொண்டுவருமாறு செயலாளர் பணித்தார். சிலப்பதிகாரம் கேட்க வந்தவர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இப்பேச்சு எழுந்ததற்குக் காரணம் யாவரும் அறிந்ததே. 2021 ஜூன் மாதத்தில் நம் மாவட்டத்தில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தன் வரியில் மூன்று ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரள அரசு சமூகப் பாதுகாப்புக்கென்று இரண்டு ரூபாய் கூட்டிற்று. எல்லைக்கு இப்பால் குடியிருக்கும் நமக்கு இதனால் ஒரு புதிய யாத்திரை வாய்த்தது. பாறசாலையைக் கடந்து களியக்காவிளைக்குப் போவது, பெட்ரோல் நிரப்புவது, போனதற்கு அடையாளமாக நாலு முழம் பூவும் வாங்கித் திரும்புவது. போய்வரும் வழியில் எரியும் பெட்ரோலை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை!

வாயுவில் ஓடும் மோட்டார் வண்டி புதுமை என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். நம் பாட்டன்மார் காலத்திலேயே அது ஓடிற்று. உதியன்குளங்கரையின் நடுவே செல்லும் இந்தப் பெருஞ்சாலை, திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் கன்னியாகுமரியையும் இணைப்பது. திருவிதாங்கூர் அரசு தன் பஸ் போக்குவரத்தை 1938 பிப்ரவரி 20ஆம் நாள் தொடங்கியது இச்சாலையில்தான். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போகவே, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. அப்போது சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் பெட்ரோல் வண்டிகளின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பைப் பூட்டினார்கள். அதில் அடுப்புக்கரியை இட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால், கார்பன் மோனாக்சைடு கலந்த ஒரு வாயு பிறக்கும். அதை வடிகட்டிக் குளிரச் செய்து இயந்திரத்திற்குள் செலுத்தினார்கள். மக்கள் அதனைக் கரிகேஸ் வண்டி என்றார்கள்.

வண்டி புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே அடுப்பை மூட்டிக் கையால் துருத்தியைச் சுழற்றவேண்டும். பெட்ரோலில் கிடைத்த வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும். பெண்களும் குழந்தைகளும் உள்ளே அமர்ந்திருப்பார்கள். வெள்ளை வேட்டியோடு ஏறியவர் வெள்ளை வேட்டியோடு இறங்கியதில்லை என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வாயு மணமற்ற நஞ்சுமாகும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் அடுப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இயந்திரத்தைப் பெரிதாக மாற்றாமலே வேறொரு வாயுவை ஊட்டலாம் என்னும் உண்மை மட்டும் நின்றது.

இன்று நாம் பேசும் வாயு கரியில் பிறப்பதன்று. நிலத்தடியிலிருந்து வரும் மீத்தேன். அதனை ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைப்பதால், அழுத்திய இயற்கை வாயு என்றும், சி.என்.ஜி. என்றும் வழங்குகின்றோம். 200 பார் என்பது எவ்வளவு என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். நம் காரின் சக்கரத்தில் அடைக்கும் காற்று சற்றேறக்குறைய 2 பார். அதைப்போல் நூறு மடங்கு, பின்னிருக்கைக்குப் பின்னால் டிக்கியில் கிடக்கிறது. இவ்வொரு செய்தியை மட்டும் இன்றிரவு மறவாமல் வீட்டுக்குக் கொண்டுசென்றால் போதும். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பனவே.

பூட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். டிக்கியில் தடித்த எஃகுச் சிலிண்டர் இருக்கும். அதிலிருந்து மெல்லிய எஃகுக் குழாய், வண்டியின் அடிவயிற்றின் வழியே முன்பக்கம் செல்லும். அங்கே ரெகுலேட்டர் என்னும் கருவி, 200 பார் அழுத்தத்தை இயந்திரம் தாங்கும் அளவுக்குக் குறைக்கும். அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயு கடுங்குளிர் அடையும். கருவி உறைந்துபோகாதிருக்க, இயந்திரத்தின் வெந்நீரை அதனைச் சுற்றி ஓட விடுகின்றனர். பழைய வண்டிகளில் வாயு கார்புரேட்டர் வாயிலில் காற்றோடு கலந்தது. இக்கால வண்டிகளில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி இன்ஜெக்டர் உண்டு; சிறு கணினி ஒன்று அளந்து ஊட்டும். பெட்ரோல் அமைப்பும் அப்படியே இருக்கும். வண்டி பெட்ரோலில் புறப்பட்டு, சூடேறியபின் வாயுவுக்கு மாறும். வாயு தீர்ந்தால் மீண்டும் பெட்ரோல்.

மீத்தேன் பெட்ரோலைவிட மெதுவாக எரிவது. ஆதலின் பொறியைச் சற்று முன்னதாகவே இடவேண்டும். மேலும், வாயு வாயுவாகவே உள்ளே நுழைவதால் காற்றுக்குரிய இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். சமதரையில் இது தெரியாது. நால்வரை ஏற்றிக்கொண்டு பொன்முடி மலை ஏறுவோர்க்குத் தெரியும். ஈரப்பசையற்ற எரிபொருளாதலின் வால்வு அமரும் இடம் விரைவில் தேய்வதுமுண்டு. டிக்கியில் பெட்டி வைக்க இடமிராது. ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையும் பலாப்பழமும் மடியில்தான்.

இனி வரவு செலவு. ஒரு கணக்குக்காகச் சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். உங்கள் எண்களை நீங்களே இட்டுப் பார்க்கலாம். பூட்டும் செலவு 60,000 ரூபாய் என்றும், பெட்ரோல் லிட்டர் 108 ரூபாய், வாயு கிலோ 90 ரூபாய் என்றும் வைப்போம். ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி, ஒரு கிலோ வாயுவில் 20 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு, 4 ரூபாய் 50 காசாகக் குறைகிறது. மிச்சம் 2 ரூபாய் 70 காசு. போட்ட முதல் திரும்ப 22,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடவேண்டும். நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு இது எட்டு மாதத்திற்குள் முடியும் காரியம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் குடும்ப வண்டிக்கோ மூன்றரை ஆண்டுக்கு மேலாகும். நிரப்பும் நிலையம் 10 கிலோமீட்டர் தள்ளியிருந்தால், ஒன்பது கிலோ நிரப்ப 20 கிலோமீட்டர் அலைய வேண்டும். 486 ரூபாய் மிச்சத்தில் 90 ரூபாய் வழியிலேயே போய்விடும். வாடகை வண்டி ஓட்டும் தம்பிமார் பூட்டலாம். கோயிலுக்கும் கல்யாணத்திற்கும் மட்டும் வண்டி எடுப்போர் பூட்டவேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. புதிதாகவே வண்டி வாங்குவோர் மின்சார வண்டியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இம்மாற்றத்தைப் பெரிய அளவில் கண்ட ஊர் தில்லி. காற்று மாசு பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2001 மார்ச் 31க்குள் நகரப் பஸ்கள் யாவும் இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும் என்றது. நாள் கடந்தது, வேலை முடியவில்லை. வாயு போதாமல் ஆட்டோக்கள் மணிக்கணக்கில் வரிசையில் கிடந்தன. 2002 ஏப்ரலில் நீதிமன்றம், டீசலில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வாண்டு இறுதியில் டீசல் பஸ்கள் மறைந்தன. கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்கள் அந்நாளில் பஸ் கிடைக்காமல் பட்ட பாடும், பின்பு கரும்புகை குறையக் கண்டதும் ஆகிய இரண்டையும் அறிவர். தொடக்கத்தில் சில வாயு பஸ்களில் தீப்பிடித்து மக்களை அஞ்சச் செய்ததும் உண்டு.

அச்சம் என்றதும் எங்கள் வீட்டுச் செய்தியைச் சொல்லாமல் போவது முறையன்று. வாயு பூட்டிய பழைய கார் ஒன்றை ஓர் இடைத்தரகர் மூலமாக வாங்கினோம். அவர் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. தாள்கள் எல்லாம் சரியாக உள்ளன என்றார், நம்பினோம். நாகர்கோவிலில் ஒரு திருமணத்திற்குக் குடும்பத்தோடு சென்றுகொண்டிருந்தபோது, பாறசாலையை நெருங்குகையில் முட்டை அழுகிய நாற்றம் போல் ஒன்று வீசிற்று. மீத்தேனுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவு தெரியவேண்டுமென்றே அந்நாற்றத்தைச் சேர்க்கின்றனர். வண்டியை நிறுத்தினோம். குழந்தைகளை இறக்கித் தொலைவில் நிறுத்தி, கதவுகளையெல்லாம் திறந்து, சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினோம். பின்பு பட்டறையில் பார்த்தபோது, குழாயைப் பற்றும் கிளிப் ஒன்று இல்லை. குழாய் உடற்தகட்டோடு உராய்ந்து தேய்ந்திருந்தது. சிலிண்டரில் பொறித்த நாளைப் பார்த்தால், அது சோதனைக்குப் போய் ஐந்தாண்டு ஆகியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று மட்டுமே இருந்தது. அன்று ஏதேனும் நேர்ந்திருந்தால், காப்பீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தைக் காட்டியே கைவிரித்திருப்பார். திருமணத்திற்குப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. வீட்டு அம்மையார் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றிரவு அவர் உறங்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

ஆகவே, பூட்ட எண்ணுவோர் முதலில் விலையைக் கேளாதீர், தாளைக் கேளுங்கள். உங்கள் வண்டியின் வகைக்கென்று, பூனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையம் ஒப்புதல் அளித்த கருவித் தொகுதியாக அது இருக்கவேண்டும். பி.எஸ். 6 தரப் பெட்ரோல் வண்டிகளுக்கும் பூட்டலாம் என்று மத்திய அரசு 2022 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கும் இவ்வொப்புதல் உண்டு. சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்குக் கழற்றி அனுப்பவேண்டும். சமையல் வாயுச் சிலிண்டரை வண்டியில் மறைத்து ஓட்டும் பழக்கம் ஒரு காலத்தில் நாடெங்கும் பரவியிருந்தது. இன்றும் அங்கங்கே கேள்விப்படுகிறோம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கித் தீப்பொறிக்குக் காத்திருக்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. திறந்த வெளியில் மேலே போய்விடும். மூடிய வண்டிக் கொட்டகையில் அதுவும் கூரையடியில் தங்கும் என்பதை மறக்கலாகாது.

எல்லைக்காரர்களாகிய நமக்குத் தனியே ஒரு தொல்லை உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் வரைந்த கோடு நம் உறவுகளைப் பிரித்ததோடு வண்டி எண்களையும் பிரித்தது. இங்கே கே.எல். 19 பாறசாலை, கே.எல். 20 நெய்யாற்றின்கரை, அங்கே டி.என். 75 மார்த்தாண்டம், டி.என். 74 நாகர்கோவில். கூலி குறைவென்று மார்த்தாண்டத்தில் பூட்டிக்கொண்டு வரலாம், தடையில்லை. ஆனால் மாற்றத்தைப் பதிய வேண்டிய இடம் உங்கள் வண்டி பதிவான அலுவலகமே. பட்டறைக்காரர் பதிந்து தருவார் என்று எண்ணிக் காத்திருந்தால் நாள்தான் போகும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று நேற்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. 162 பாகை உறைகுளிரில் திரவமாக்கப்பட்டுக் கப்பலில் கொச்சிப் புதுவைப்புக்கு வந்து இறங்குகிறது. 2013 முதல் அங்கே அதற்கென்று முனையம் உண்டு. தஞ்சை மண்ணின் அடியிலும் வாயு உள்ளது. ஆனால் வயல்வெளியில் கிணறு தோண்டுவதை எதிர்த்து 2017இல் நெடுவாசல் மக்கள் போராடியதும், 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகத் தமிழ்நாடு சட்டமியற்றியதும் நாம் அறிந்தவை. சோறிடும் நிலத்தைக் காக்க நின்றவர்கள் அவர்கள். மலிவான எரிபொருள் வேண்டும் என்று நாம் இங்கே சொல்லும்போது அவர்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

கூட்டம் முடிந்ததும் உணவுக்குச் செல்லுமுன், வாயு பூட்டிய வண்டி வைத்திருப்போர் டிக்கியைத் திறந்து வையுங்கள். பந்தலின் கிழக்கே விளக்கு எரிகிறது. சிலிண்டரின் கழுத்தில் சோதனை மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதை எப்படிப் படிப்பது என்று நாம் வந்து காட்டுகிறோம்.