குழியைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுங்கள்!

தோழர்களே!

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் கொடைத்திறம் நம் நினைவுக்கு வரும். ஆகாயகங்கை அருவி நினைவுக்கு வரும். அம்மலையின் உச்சியில் வெட்டப்பட்ட பாக்சைட் குழிகள் நம்மில் எத்தனை பேருக்கு நினைவுக்கு வருகின்றன? அந்தக் குழிகளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ, 1965-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான பாக்சைட் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டி எடுக்கப்பட்டது. அலுமினியம் நாட்டுக்குத் தேவையில்லையா என்று கேட்பார்கள். தேவைதான், மின்கம்பிக்கும் தேவை, சமையல் பாத்திரத்துக்கும் தேவை. ஆனால் அதற்கு மலை கொடுத்த விலை எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது?

பாக்சைட், மலையின் தலைமேல் தொப்பிபோல் படிந்திருக்கும் படிவம், நுண்துளைகள் நிறைந்தது. பெய்கின்ற மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கசியவிட்டு, கோடையிலும் சுனைகளை ஊறச் செய்வது அது. அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டால், மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். சாமையும் தினையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் எதைக் குடிப்பார்கள்? மலைநீரை நம்பியிருக்கும் அடிவாரத்து உழவன் எதைப் பாய்ச்சுவான்?

2008-ஆம் ஆண்டு மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது. ஆலை நிற்கலாம், லாரிகள் இறங்கிவிடலாம். வெட்டிய உச்சி மீண்டும் வளராது.

ஒடிசாவில் நியமகிரி மலையைக் கேட்டு வந்ததும் பாக்சைட் சுரங்கம்தான். 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம், கிராமசபைகளைக் கேளுங்கள் என்றது. 12 கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. மலை பிழைத்தது! அங்கே துணைநின்றது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அது தமிழ்நாட்டுக்கும் உரிய சட்டமே. எனினும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாகத் தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை. அவ்வட்டவணை வழங்கும் பாதுகாப்பு நம் மலைமக்களுக்கு இல்லை. ஆகவே நம் விழிப்பு இரு மடங்காக வேண்டும்.

பாக்சைட்டோ, கிராவலோ, கருங்கல்லோ, குவாரியை விரிவுபடுத்தப்போவதாகச் செய்தி வந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில் பழைய குழியைப் போய்ப் பாருங்கள். புதிய குழியைப் பற்றி ஆயிரம் வாக்குறுதிகள் தரலாம். பழைய குழி பொய் சொல்லாது. எல்லைக்கற்கள் நட்ட இடத்தில் இருக்கின்றனவா? அனுமதித்த ஆழம் எவ்வளவு, வெட்டிய ஆழம் எவ்வளவு? நடுவதாகச் சொன்ன மரங்கள் நிற்கின்றனவா? குழியிலிருந்து வழியும் சேற்றுநீர் எந்த ஓடையில் கலக்கிறது? கல்குவாரியாக இருந்தால் குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் வரக்கூடாது என்கிறது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதி. எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள்!

பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டிய இனங்களில், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆய்வறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அந்த முப்பது நாளையும் சுவரொட்டி ஒட்டுவதிலேயே கழித்துவிடாதீர்கள். அறிக்கையை ஊரார் நடுவில் உரக்கப் படியுங்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரையறை அங்கே கிடையாது. நாம் போகாவிட்டால், நாற்காலிகளை வைத்தே கூட்டம் நடந்து முடிந்துவிடும்!

முழக்கம் நமக்குத் தெரியும். அதனோடு அளவுநாடாவையும் எடுத்துச் செல்வோம். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்பவனை அதிகாரி உட்காரச் சொல்வார். ‘இத்தனை அடி மீறியிருக்கிறீர்கள்’ என்று அளவோடு சொல்பவனுக்கு அவர் பதில் எழுதியே தீர வேண்டும்.

மலைக்கு வாயில்லை, தோழர்களே! அதன் சார்பில் பேச, அதன்மேல் ஏறிப் பார்த்த கால்கள் வேண்டும். புறப்படுங்கள்!