இராசேந்திரன் ஏறிய அரியணை



வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள லப்பைக்குடிக்காட்டிற்குத் தென்கிழக்கே அமைந்துள்ளது கங்கைகொண்ட சோழபுரம். அந்நகரைக் கண்ட முதலாம் இராசேந்திரனைக் கங்கையும் கடாரமும் கொண்டவனாகவே நாடு அறியும். அவன் அரியணை ஏறிய முறையும், தொடக்கக் காலப் போர்களும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முடியாட்சியைப் பற்றிய பெருநோய் வாரிசுப் பூசல். பாரசீக மன்னன் தாரியஸ் கி.மு. 522இல் கௌமாதன் என்பவனைக் கொன்று அரசெய்தினான். உடனே நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. ஓராண்டுக்குள் 19 போர்களை வென்றதாக அவனே பெகிஸ்தூன் மலையில் மும்மொழியில் பொறித்து வைத்தான்.

சோழர் குடியிலும் குருதி சிந்தியது. இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அக்கொலையின் நோக்கம் இன்றும் ஆய்வாளரிடையே விவாதத்திற்குரியது. ஆயினும் கொலையாளிகளைச் சார்ந்தோரின் உடைமைகள் பறிக்கப்பட்ட செய்தியைக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு உறுதி செய்கிறது. உத்தம சோழனுக்குப் பின்னரே, 985இல், இராசராசன் முடி சூடினான்.

அந்த வடு அவன் நெஞ்சில் இருந்தது எனக் கருத இடமுண்டு. தான் உயிரோடிருக்கும்போதே, 1012இல், மகனை இணையரசனாக்கினான். 1014இல் தந்தை மறைந்தபோது அரியணைக்குப் போட்டி எழவில்லை. இராசேந்திரனும் 1018இல் தன் மகன் இராசாதிராசனை அவ்வாறே உடன் அமர்த்திக்கொண்டான். உள்நாட்டில் வாளெடுக்க வேண்டாத அரசன், தன் முழு ஆற்றலையும் வெளிநாட்டுப் போரில் செலுத்த முடிந்தது.

இடைதுறைநாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் ஆகியவற்றின் வெற்றிகளை அவனது மெய்க்கீர்த்தி முதலில் கூறுகிறது. இவை தந்தையின் காலத்திலேயே இளவரசனாக நின்று பெற்றவை என்பர் அறிஞர். அடுத்தது ஈழம். முதற் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் ஈழத்தில் அடைக்கலமாக வைத்த மணிமுடியைப் பராந்தகனால் மீட்க இயலவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1017ஆம் ஆண்டளவில், இராசேந்திரன் அதனைக் கைக்கொண்டான். பின்னர்ச் சேரநாடு. 1021ஆம் ஆண்டளவில், முசங்கியில் சாளுக்கியன் செயசிங்கனோடு போர்.

மெய்க்கீர்த்தி வென்றவனின் வாய்மொழி. தோற்றவர்க்கும் வாய் உண்டு. 1007ஆம் ஆண்டைச் சார்ந்த கருநாடகத்து ஹோட்டூர்க் கல்வெட்டு, ஒன்பது இலட்சம் வீரரோடு வந்த சோழப் படை நாட்டைச் சூறையாடியதாகவும், பெண்டிரையும் குழவியரையும் கொன்றதாகவும் சாற்றுகிறது. எண்ணிக்கை மிகையாகலாம், வலி மிகையாகாது. ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து மடிந்ததைச் சூளவம்சம் கூறுகிறது. மக்கள் மறைத்து வளர்த்த அவன் மகன் காசியப்பன், பின்னாளில் சோழரை எதிர்த்து எழுந்தான். பறித்த முடியோடு பகையும் வந்தது.

இராசராசன் தன் குடிக்கு அமைதியான அரசுரிமையைத் தந்தான். அவ்வமைதியே அயல்நாடுகளுக்கு அமைதியின்மையாயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்வதே வரலாறு. சோழபுரத்து விமானத்தின் அழகில் தமிழர் பெருமிதம் கொள்ளலாம்; கொள்ளவும் வேண்டும். அதன் நிழலில் நிற்கும்போது ஹோட்டூர்க் கல்லையும் நினைப்பவர்க்கே அப்பெருமிதம் அழகு தரும்.