விளக்கைக் கீழே வைத்த பிறகு

(ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பாசிரியர்களுக்காகத் தென்காசியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே 12 உலகச் செவிலியர் நாள். அன்று பள்ளிக்குக் கோடை விடுமுறை. அதனால் நம் பிள்ளைகள் அந்த நாளைப் பெரும்பாலும் அறியாமலே போகிறார்கள். அந்த நாளுக்குரிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அவர்கள் சந்திப்பதெல்லாம் மாறுவேடப் போட்டியில்தான். வெள்ளை உடை, தலையில் துணி, கையில் ஒரு விளக்கு. கைதட்டிப் பரிசும் கொடுத்துவிடுகிறோம். அந்த விளக்கைச் சற்றே கீழே வைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம் என்று உங்களை அழைக்கிறேன்.

1820இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்ததால் அவருக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். பெற்றோர் வசதியான ஆங்கிலேயர்கள். கணிதமும் மொழிகளும் தந்தையிடம் கற்றார். இளம் வயதிலேயே பிரான்சு, இத்தாலி என்று சுற்றினார். 1849-50இல் எகிப்துக்குச் சென்று நைல் நதியில் படகில் பயணம் செய்தார். கிரேக்கத்தில் ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டு, ‘அதீனா’ என்று பெயரிட்டு வளர்த்தார். போகும் இடமெல்லாம் கோயில்களையும் மண்டபங்களையும் பார்த்தவர், மருத்துவமனைகளையும் விடாமல் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

செவிலியராக வேண்டும் என்று அவர் சொன்னபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு. அந்தக் காலத்தில் அது மதிப்பான வேலையாகக் கருதப்படவில்லை. அவர் விடவில்லை. 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஊதியமில்லாமல் ஏற்றார். இன்று நாம் ‘தன்னார்வலர்’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு முழுத் தகுதி உடையவர் அவர்.

1854 அக்டோபரில் 38 செவிலியர்களுடன் புறப்பட்டு, கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்கள் கிடந்த ஸ்கூட்டாரி மருத்துவமனையை நவம்பர் மாதம் அடைந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் இருந்த பெரிய படைவீடு அது. படுக்கை இல்லை, சோப்பு இல்லை, மாற்றுத் துணி இல்லை. துணி துவைக்கவும் நல்ல உணவு சமைக்கவும் ஏற்பாடு செய்தார். இரவில் விளக்கோடு வரிசை வரிசையாகப் படுக்கைகளைச் சுற்றி வந்தார். நம் பாடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன.

ஆனால், அவர் வந்து சேர்ந்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் இறப்பு குறையவில்லை. கூடியது! 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்பு குறைவா? உழைப்பு குறைவா? இரண்டும் இல்லை. கட்டடத்துக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைத்துக் கிடந்தன. குடிநீர் கெட்டிருந்தது. காற்றோட்டம் இல்லை. மார்ச் மாதம் வந்த சுகாதாரக் குழு கால்வாய்களைக் கழுவிவிட்டது, செத்த விலங்குகளை அகற்றியது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது, காற்று வர வழி செய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

அம்மையாரின் பிற்கால வாழ்வு முழுவதும் இந்த ஒரு பாடத்திலிருந்து கிளைத்தது என்று சொல்லலாம். 1856இல் ஊர் திரும்பியதும் கணக்கைக் கையில் எடுத்தார். புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் துணையோடு, எந்த மாதம் எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று பிரித்தார். போரில் பட்ட காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே பல மடங்கு. எண்களை அடுக்கினால் அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்து, வட்டமாக ஒரு படம் வரைந்தார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. பார்த்த உடனே நீலம் கண்ணில் அடிக்கும். 1858இல் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். கணித ஆசிரியர்கள் எட்டாம் வகுப்பில் வட்ட விளக்கப்படம் நடத்தும்போது இந்தக் கதையைச் சொல்லலாம். உயிரைக் காத்த ஒரு படம் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். போர்க்களத்தில் பிடித்த காய்ச்சலால் உடல் நலிந்து, பிற்காலத்தின் பெரும்பகுதியைப் படுக்கையிலும் அறையிலுமே கழித்தவர் அவர். இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இந்தியாவைப் பற்றியே படித்தார், எழுதினார். 1859இல் அமைக்கப்பட்ட ஆணையத்துக்காக, இங்குள்ள படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள்கள் அனுப்ப ஏற்பாடு செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? கட்டுக் கட்டாக வந்த பதில்களைப் படுக்கையில் இருந்தபடியே ஆராய்ந்தார். இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படைவீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். பத்தாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் அது 18 ஆனது என்று 1873இல் எழுதினார்.

அவர் ஆளும் நாட்டைச் சேர்ந்தவர். அவருடைய அக்கறை படைவீரர்களிடம்தான் தொடங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படிக்கப் படிக்க, சுற்றியுள்ள ஊர் மக்கள் நலமாக இல்லாமல் முகாம் மட்டும் நலமாக இருக்க முடியாது என்று கண்டுகொண்டார். நம் தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்ட தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியபோது, இந்திய உழவர்களின் வறுமை, கடன், பாசன வசதி பற்றி ஆங்கில இதழ்களில் கடுமையாக எழுதினார். 1896இல், தமது 76ஆம் வயதில், இந்தியக் கிராமங்களுக்குச் சுகாதாரத்தைக் கற்பிப்பவர்கள் தேவை என்று எழுதினார். இன்று நம் ஊர் துணை சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வரும் கிராம சுகாதார செவிலியரைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கட்டுரை நினைவுக்கு வரும். 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில் அவர் மறைந்தார்.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் காலம் இது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நிறையும். அருவியில் தெளிவாக விழும் தண்ணீர், சிற்றாறாக ஓடி ஊர்களைக் கடக்கும்போது அதில் என்னென்ன சேருகிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். மழைக்காலம் வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வகுப்பில் இடங்கள் காலியாகும். நாம் வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம்.

எமிஸில் ஏற்றவே நேரம் போதவில்லை, இதில் இன்னொரு பதிவேடா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது! இதை நீங்கள் எழுத வேண்டாம். ஜூனியர் ரெட் கிராஸ் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பெயர் வேண்டாம். வகுப்பு, தெரு, வராத காரணம், இந்த மூன்று மட்டும். மாதக் கடைசியில் அதை ஒரு படமாக வரைந்து பலகையில் ஒட்டட்டும். ஒரே தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால், அந்தத் தெருக் குழாயைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே விளங்கும். அந்தப் படத்தைத் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் காட்டுங்கள். கூடவே பள்ளித் தண்ணீர்த் தொட்டியை எந்தத் தேதியில் கழுவினார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கை கழுவச் சோப்பு இருக்கிறதா என்பதையும் அதே நோட்டில் குறிக்கட்டும்.

செஞ்சிலுவை இயக்கம் உருவாகக் காரணமான ஹென்றி டியூனான்ட், தமக்குத் தூண்டுகோலாக இருந்தது கிரிமியாவில் அம்மையார் ஆற்றிய பணியே என்று 1872இல் லண்டனில் சொன்னார். அந்த வகையில் நம் மாணவர்கள் சட்டையில் அணியும் சின்னத்துக்கும் அவருக்கும் உறவு உண்டு. அடுத்த மாறுவேடப் போட்டியிலும் ஒரு பிள்ளை விளக்கோடு வரட்டும், மகிழ்ச்சிதான். இன்னொரு கையில் அந்த நாற்பது பக்க நோட்டையும் கொடுத்து மேடையேற்றுங்கள்.