நாட்டின் மீக்கணினியும் நம் பிள்ளைகளின் கணக்கும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் உரையாற்றுமாறு எம்மைப் பணித்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் கல்வி சிறந்தது என்பதை உங்களுக்கு எடுத்துரைக்க வேறொருவர் வேண்டியதில்லை. அதனை உணர்ந்ததனாலன்றோ, பகலெல்லாம் கூலி வேலை செய்த கைகளால் இக்கட்டடத்திற்குச் செங்கல் சுமந்தீர்கள்! ஆகவே வேறொரு பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அது ஓர் இயந்திரம். எமது பட்டம் வரலாற்றுப் பட்டம். யாம் கணித ஆசிரியர் அல்லோம். எனினும் அவ்வியந்திரத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டிய ஒரு கடன் எமக்கு உண்டு. அது என்னவென்பதை இறுதியில் கூறுவோம்.

செய்தித்தாள்கள் ‘சூப்பர் கம்ப்யூட்டர்’ என்று எழுதும் மீக்கணினி ஒன்று நம் மாநிலத்திலேயே, திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பெயர் ‘பரம் பொருள்’. தமிழ் கற்றோர் செவிக்கு இப்பெயர் வேறு பொருளும் தரும். யாம் இங்குக் கூற வந்தது அதன் வேகத்தைப் பற்றியே.

அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப் என்பர். ஒரு நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகள் என்பது இதன் பொருள். இந்த எண்ணைக் கேட்டு வியந்து நின்றுவிடுதல் எளிது. அதனை அளந்து பார்த்தலே மாணவர்க்கு அழகு. ஒருவர் நொடிக்கு ஒரு கணக்கு வீதம், உண்ணாமலும் உறங்காமலும் செய்வதாகக் கொள்வோம். அந்த இயந்திரம் ஒரு நொடியில் முடிப்பதை அவர் முடிக்க ஏறத்தாழ 2 கோடியே 65 இலட்சம் ஆண்டுகள் ஆகும். நாட்டு மக்கள் 140 கோடிப் பேரும் ஒருங்கே அமர்ந்து கணக்கிட்டாலும், இரவு பகலாக ஏழு நாட்கள் ஆகும். மாணவர்கள் வீட்டிற்குச் சென்று வகுத்துப் பார்த்து, யாம் கூறியது சரிதானா என்று நாளை வந்து சொல்லுங்கள்.

இத்தகைய வேகம் எவ்வாறு கைகூடுகிறது? தனியொரு கணிப்பொறியின் வேகத்தை எல்லையின்றிக் கூட்ட இயலாது. ஆகையால் பல்லாயிரம் கணிப்பு உறுப்புகளை ஒன்றாகப் பிணைத்து, ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யுமாறு அமைக்கின்றனர். இதனைப் புரிந்துகொள்ள நம் தாய்மார்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. நடவு வயலை நினைத்தால் போதும். ஒருவர் நட்டால் பல நாட்களாகும் வயலை நாற்பது பேர் வரிசையாய் நின்று ஒரே நாளில் நட்டு முடிக்கிறார்கள். ஆனால் ஆட்களைக் கூட்டினால் மட்டும் வேலை விரைந்துவிடாது. நாற்று முடிகள் உரிய நேரத்தில் கைக்கு வந்து சேர வேண்டும். வரிசையில் ஒருவர் பிந்தினால் மற்றவரும் காத்திருக்க நேரும். மீக்கணினியின் நுட்பமும் இதுவே. எந்த உறுப்புக்கு எவ்வளவு வேலை, எந்தத் தரவு எப்பொழுது போய்ச் சேர வேண்டும் என்று வகுப்பதே அங்குள்ள பெரிய கலை. உறுப்புகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் இணைப்பு மந்தமானால், எத்தனை ஆயிரம் உறுப்புகள் இருந்தும் பயனில்லை.

இனி, வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் சில செய்திகள். இங்கிலாந்து நாட்டு அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், கணிதச் சமன்பாடுகளைக் கொண்டே வானிலையை முன்னறியலாம் என்று கருதினார். முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் பணியில் ஈடுபட்டிருந்தபோதே, 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளுக்குரிய ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். வாரக்கணக்கில் உழைத்தும் விடை பெரிதும் பிழைபட்டது. காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று அவர் கணக்குக் காட்டியது. உண்மையில் அது ஏறக்குறைய மாறவேயில்லை. அவர் அதனை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் தம் பிழையையும் சேர்த்தே அச்சிட்டார். பெரிய அரங்கொன்றில் 64,000 பேர் அமர்ந்து, உலக வானிலையை ஓயாது கணக்கிட்டுக் கொண்டிருப்பது போன்றதொரு காட்சியையும் அந்நூலில் கற்பனை செய்திருந்தார். 1950இல் அமெரிக்காவின் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி 24 மணி நேர வானிலையைக் கணித்தது. அதற்கு அது எடுத்துக்கொண்ட காலமும் ஏறத்தாழ 24 மணி நேரமே! ஆயினும் வழி திறந்துவிட்டது. தோல்வியையும் எழுதி வைத்த ஒரு மனிதரின் நேர்மையிலிருந்து இத்துறை வளர்ந்தது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க.

நம் நாட்டின் கதைக்கு வருவோம். 1980களில் இந்தியா அமெரிக்காவிடமிருந்து க்ரே என்னும் மீக்கணினியை விலைக்குக் கேட்டது. நீண்ட பேச்சுக்குப் பின்னர், கேட்டதைவிடத் திறன் குறைந்த ஒன்றையே, வானிலை ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அளித்தார்கள். அக்காலத்தில்தான், 1988ஆம் ஆண்டு, புனே நகரில் சி-டாக் என்னும் உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையம் அமைக்கப்பட்டது. விஜய் பட்கர் என்னும் அறிஞர் தலைமையில் பணியாற்றிய குழுவினர் 1991இல் ‘பரம் 8000’ என்னும் மீக்கணினியை உருவாக்கினர். விலைக்குத் தர மறுக்கப்பட்டதைத் தாமே செய்துகொள்ளும் உறுதியை அவர்கள் பெற்றார்கள். மறுக்கப்படுதல் என்றால் என்னவென்று நன்கறிந்த இந்த அவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2015ஆம் ஆண்டு, 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய மீக்கணினித் திட்டத்திற்கு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. கல்வி நிலையங்களையும் ஆய்வுக் கூடங்களையும் மீக்கணினிகளால் வலுப்படுத்துவது அதன் நோக்கம். சி-டாக் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதனை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றன. 2019இல் காசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஐ.ஐ.டி.யில் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி இயந்திரமும் இவ்வரிசையில் வந்ததே. அதன் உறுப்புகளில் பெரும்பாலானவை நம் நாட்டிலேயே செய்து பொருத்தப்பட்டவை. 2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் ‘பரம் ருத்ரா’ என்ற பெயரில் மூன்று இயந்திரங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்வார்க்கும், புதிய உலோகப் பொருள்களை ஆராய்வார்க்கும், மருந்தின் மூலக்கூறு உடற்புரதத்தோடு எவ்வாறு பொருந்தும் என்று தேடுவார்க்கும் இத்தகைய இயந்திரங்கள் துணை நிற்கின்றன.

‘இதனால் நமக்கென்ன?’ என்று கேட்பவர் இந்த அவையில் இருக்கலாம். நியாயமான கேள்வியே. 1999ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013இல் அதே கரையைப் பைலின் என்னும் கடும்புயல் தாக்கியது. அதற்கு முன்னரே பத்து இலட்சம் மக்கள் வரை பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை சில பத்துக்களோடு நின்றது. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் மீக்கணினி ஒன்றே என்று கூறமாட்டோம். செயற்கைக்கோள், ராடார், புயற்காப்பிடங்கள், ஊர் ஊராய்ச் சென்று மக்களை எழுப்பிய ஊழியர்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே உயிர்களைக் காத்தன. ஆனால் புயல் எங்கே, எப்பொழுது கரை கடக்கும் என்பதை நாட்கணக்கில் முன்கூட்டிச் சொல்லும் கணக்கு அவற்றிற்கெல்லாம் அடிப்படையாய் இருந்தது. புயலிலும் வெள்ளத்திலும் முதலில் மூழ்குவது பள்ளத்திலிருக்கும் குடிசை என்பதை நாம் அறிவோம்.

வானிலைக் கணக்கிற்காக நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். சதுரத்தின் பக்கம் 12 கிலோமீட்டராக இருந்ததை 6 ஆகக் குறைத்தால் சதுரங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் காலப்படியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். இதற்காகவே 2024இல் புனேயில் ‘அர்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என இரு பெரும் இயந்திரங்கள் வானிலைப் பணிக்கென நிறுவப்பட்டன. 2025 மே மாதத்தில் 6 கிலோமீட்டர் அளவிலான பாரத முன்னறிவிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு மாவட்டத்திற்கு மழை என்பதற்கும், சில ஊர்கள் அடங்கிய சிறு வட்டாரத்திற்கு மழை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, நெல் காய வைத்திருப்பவர் அறிவார்.

இன்னொரு செய்தி. இவ்வியந்திரத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளர் அதன் முன் வந்து அமர வேண்டியதில்லை. அனுமதி பெற்றபின், தம் மேசைக் கணிப்பொறியிலிருந்தே வலையமைப்பின் வழியாகத் தம் வேலையை அனுப்புகிறார். எத்தனை உறுப்புகள் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று குறித்து அனுப்பினால், அவ்வேலை வரிசையில் நிற்கும். முறை வந்ததும் நடக்கும். வந்தவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று அந்த வரிசை வினவுவதில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றடியில், யாரேனும் இறைத்து ஊற்றமாட்டார்களா என்று குடத்தோடு ஒதுங்கி நின்ற பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது சிறிய செய்தியன்று.

ஆயினும், இதைக் கேட்டு உடனே மகிழ்ந்துவிடுதலும் தகாது. வரிசைக்கு வந்து சேர்ந்தவரைத்தான் இயந்திரம் வேறுபாடின்றி நடத்தும். வந்து சேராதவரை அது அறியாது. அவ்வரிசைக்கு முன்னே பல வாயில்கள் உள்ளன. அவற்றுள் முதல் வாயில் திருச்சிராப்பள்ளியிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. அது பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று கேட்டு நிற்கும் தலைமையாசிரியர் அறையின் வாயில்.

இங்கேதான் யாம் முதலிற் குறிப்பிட்ட கடன் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர், நடவு வேலை செய்யும் தாயொருத்தியின் மகள் கணக்குப் பிரிவு கேட்டு எம்முன் வந்து நின்றாள். மதிப்பெண் மோசமில்லை, மிக உயர்ந்ததுமில்லை. ‘கணக்கு கடினம் அம்மா, வேறு பிரிவு எடுத்தால் எளிதாகத் தேறிவிடலாம்’ என்று அறிவுரை கூறினோம். அவள் நலம் கருதிச் சொன்னதாகவே அன்று நினைத்தோம். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடும் எம் மனத்தில் இருந்தது என்பதை இன்று இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிப் போய்விட்டாள். 2022இல் திருச்சிராப்பள்ளி இயந்திரத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த அன்று, அந்த ‘சரிங்க ஐயா’ எம் காதில் மீண்டும் ஒலித்தது. தவறான விடையையும் அச்சிட்டு வைத்த ரிச்சர்ட்சனைப் போல், எம் பிழையையும் இந்த மேடையில் பதிவு செய்ய விரும்பினோம்.

பெற்றோர்களே, தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்து மாணவர்க்கு உரியவை. பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் சட்டப்படி ஒதுக்கப்பட்டுள்ளன. அதற்குரிய ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2021ஆம் ஆண்டு முதல் வழி செய்யப்பட்டுள்ளது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படியாத பிள்ளைக்குப் பொறியியலின் இக்கதவுகள் திறவா. ‘உனக்குக் கணக்கு வராது’ என்று எவர் கூறினும், அவர் தலைமையாசிரியரே ஆயினும், உடனே ‘சரிங்க ஐயா’ என்று திரும்பிவிடாதீர்கள். ‘எதனால் வராது? எங்கே தவறுகிறாள்? யார் கற்றுத் தருவார்?’ என்று கேளுங்கள்.

கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டு முதல், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் இக்கட்டடத்தில் கணித வகுப்பு நடைபெற வேண்டும். கற்பிக்க இரு கணித ஆசிரியர்கள் எம்மிடம் இசைவு தந்துள்ளார்கள். கதவைத் திறந்து, விளக்கேற்றி, பலகையைத் துடைத்து வைக்கும் வேலையை யாம் செய்வோம். பிள்ளைகளோடு பின்வரிசையில் அமர்ந்து, யாமும் கணக்குக் கற்றுக்கொள்வோம்.

நாட்டின் பொதுப் பணத்தில் உருவான அந்த இயந்திரம் நமக்கும் உரியது. அதன் வரிசையில் நம் பிள்ளையின் வேலையும் ஒருநாள் நிற்க வேண்டும். அதற்கான முதற்கணக்கை இங்கே போடுவோம்.