மூன்றில் ஒரு பங்கு



1979ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மருத்துவப் படிப்பிற்கு ஒரு வரம்பு விதிக்கப்பெற்றது. மாணவர் இடங்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் பெண்களுக்கு இல்லை. பெண் மருத்துவர்கள் குடும்பத்தின் பொருட்டுப் பணியை விட்டு விலகுவர். அவர்தம் கல்விக்குச் செலவிட்ட பொதுப்பணம் வீணாகும். இதுவே சொல்லப்பட்ட காரணம். கணக்கு என்னவோ கணக்குத்தான். ஆயினும், பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை மட்டுமே என்பதை அது கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது. பணிநேரத்தைத் திருத்துவதை விடுத்து, வாயிலை அடைத்தது. இங்கு அமர்ந்துள்ள மாணவியர் எண்ணிப் பாருங்கள்: தகுதியிருந்தும் ஒருத்தி, தான் இன்னும் எடுத்திராத ஒரு முடிவுக்காக அன்றே இடம் இழந்தாள்.

2003இல் அவ்வரம்பு நீங்கியது. இடையே 24 ஆண்டுகள். இழப்பு அம்மாணவியருடையது மட்டுமன்று. தம் உடல்நோவைப் பெண் மருத்துவரிடம் மட்டுமே வாய்திறந்து சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளில் உண்டு. கூச்சத்தால் சொல்லாது விட்ட நோயை எந்தக் கருவி கண்டுபிடிக்கும்?

வரம்பு நீங்கியதும் அவ்வெண்ணம் முற்றும் மறைந்துவிடவில்லை. அரசுப் பணியிலிருந்த பெண்கள், ஆண் அலுவலர்க்கு நிகராகத் தம் குடும்பத்தார்க்கு மருத்துவச் சலுகை பெற்றது 2005இல்தான்.